போனில் உள்ள வொலட் அதன் மூலநிரலிலிருந்துதான் வந்ததா? நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கொக்குவில் மாமி ஒருநாள் பின்னேரம் தன் போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ரொறன்ரோவில் இருக்கிற அவருடைய தம்பி, இனிக் கொஞ்சத்தைப் பிட்கொயினாக அனுப்பப் போவதாகச் சொல்லி எலெக்ட்ரம் என்ற வொலட்டை, அதாவது பிட்கொயினைக் கையாளும் அப்பை, போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார். மாமி ஒரு போன் கடையில் கொடுத்துப் போடுவித்திருக்கிறார்.

"தம்பி, இது பயமில்லைத்தானே? உந்த அப்பின்ர கோட் எல்லாம் வெளியிலயே கிடக்காம். ஆரும் பாக்கலாமாம் எண்டு கடைப் பெடியன் சொன்னவன்."

பெடியன் சொன்னதில் பிழையில்லை. எலெக்ட்ரத்தின் மூலநிரல், அதாவது மனிதர் எழுதி வாசிக்கிற கோட், 2011இல் தொடங்கிய நாளிலிருந்து திறந்தே கிடக்கிறது. ஆனால் மாமியின் போனில் ஓடுவது அந்த நிரல் இல்லை. அந்த நிரலை எடுத்து யாரோ ஒருவர், எங்கேயோ ஒரு கணினியில் பில்ட் பண்ணிய, அதாவது போனில் ஓடும் வடிவமாக மாற்றிய, ஏபிகே என்ற நிறுவல் கோப்புத்தான் போனில் இருக்கிறது. பில்ட் பண்ணும்போது ஒரு வரி கூடியதா, கடைக்கு வரும் வழியில் யாராவது பிரித்துக் கட்டினார்களா என்பதை, நிரல் கிடக்கும் கிட்ஹப் தளத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்து வாசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்குக் கருவியில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் அந்தக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கிவிடும் வரி கிட் களஞ்சியத்தில், அதாவது நிரலைச் சேமித்து வைக்கும் இடத்தில், இல்லை. வெளியிட்ட பொதியில் மட்டும் இருந்தது. களஞ்சியத்தை மட்டும் வாசித்தவர்கள் கண்ணில் அது படவே இல்லை.

வொலட் விஷயத்தில் இது இன்னும் மோசம். வொலட்டின் திறவுகோலான, சீட் என்று சொல்கிற 12 சொற்கள் ஒருவரின் கைக்குப் போனால், பணத்தைத் திருப்பிக் கேட்க ஒரு வங்கியும் இல்லை. ஆகவே, இதைச் சோதிக்கும் வழியை ஒருதரம் முழுமையாக எழுதி வைக்கிறேன். எலெக்ட்ரத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் ஏபிகேயை நேரடியாகவே வெளியிடுகிறார்கள், யார் பில்ட் பண்ணினாலும் ஒரே கோப்பு வர வேண்டும் என்பதற்காக மினக்கெட்டும் இருக்கிறார்கள். இந்தக் குணத்துக்கு ரீப்ரொடியூசிபிள் பில்ட் என்று பெயர்.

கட்டளைகளை ஒலிப்பில் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

ஒரு விஷயத்தை முதலே சொல்லிவிட வேண்டும். இலங்கை மத்திய வங்கி மெய்நிகர் நாணயங்களைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. 2021இல் வந்த பணிப்புரையின்படி டெபிட், கிரெடிட் கார்டுகளை இதற்குப் பயன்படுத்தவும் முடியாது. மாமிக்கும் இதைச் சொன்னேன். வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. வைத்திருக்கிற வொலட் சரியானதா என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் இரண்டு இணைப்புகள்

சோதனை முழுவதும் இரண்டு இணைப்புகளில், அதாவது இரண்டு கேள்விகளில், அடங்கும். போனில் உள்ள கோப்பும் எலெக்ட்ரம் வெளியிட்ட கோப்பும் ஒன்றா? வெளியிட்ட கோப்பும் மூலநிரலிலிருந்து நான் பில்ட் பண்ணிய கோப்பும் ஒன்றா? இரண்டுக்கும் விடை வேண்டும். பலர் இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு, போனில் என்ன கிடக்கிறது என்று பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

தேவையானவை: உபுண்டு அல்லது டெபியன் போட்ட 64 பிட் மடிக்கணினி, குறைந்தது 8 ஜிபி ராம், 40 ஜிபி வெறும் இடம், டேட்டா போகிற யூஎஸ்பி கேபிள். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள் சரிவராது. பில்டுக்குப் பல ஜிபி இறக்க வேண்டியிருக்கும், அதனால் நான் இரவு டேட்டாவில்தான் போடுவேன். மழைக்காலத்தில் கரண்ட் நின்றுவிட்டால் பாதி பில்டோடு எல்லாம் போய்விடும். பற்றரி முழுக்க ஏறியிருக்கிற நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

மென்பொருள்களில் ஏடிபி (கணினியிலிருந்து போனோடு பேச), ஏபிகேசைனர் (ஏபிகேயின் கையொப்பத்தைப் பார்க்க), டிஃபொஸ்கோப் (கோப்புகளின் வித்தியாசத்தைக் காட்ட), கிட் (நிரலை இறக்க), ஜிபிஜி (வெளியீட்டின் கையொப்பத்தைச் சரிபார்க்க) ஐந்தும் உபுண்டுவின் ஏபிடி என்ற நிறுவல் கருவி வழியாகவே கிடைக்கும். கணினிக்குள் தனியான ஒரு சூழலை உருவாக்கித் தரும் டொக்கரைத் தனியாக நிறுவிக்கொள்ளுங்கள்.

போனில் கிடக்கும் கோப்பை வெளியே எடுத்தல்

போனின் செட்டிங்சில் "பில்ட் நம்பர்" என்ற வரியை 7 முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஒன் பண்ணிக் கேபிளைச் செருகுங்கள். போன் திரையில் அனுமதி கேட்கும், கொடுங்கள்.

"ஏடிபி ஷெல் பிஎம் பாத்" என்று அடித்து, பக்கத்தில் அப்பின் பொதிப் பெயரைக் கொடுங்கள். எலெக்ட்ரத்துக்கு அது "ஓஆர்ஜி புள்ளி எலெக்ட்ரம் புள்ளி எலெக்ட்ரம்". அப் போனில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பாதை வரும். ஒரே ஒரு "பேஸ் டொட் ஏபிகே" வந்தால் வேலை சுலபம். "ஸ்பிளிட்" என்று தொடங்கும் வேறு கோப்புகளும் வந்தால் அது கூகுள் பிளே துண்டு போட்டுக் கொடுத்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அந்தப் பாதையை "ஏடிபி புல்" கட்டளைக்குக் கொடுத்தால் கோப்பு கணினிக்கு வந்துவிடும். அப்புறம் "ஏடிபி ஷெல் கெட்ப்ரொப்" கொண்டு போனின் புரொசசர் வகையையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய போன்களில் பெரும்பாலும் "ஆர்ம்64 வி8ஏ" என்று வரும், பழைய போன்களில் "ஆர்மீபி வி7ஏ" என்று வரும். இதைக் குறிக்காமல் விட்டால் பிறகு வேறு வகைக் கோப்போடு ஒப்பிட்டுக் குழம்புவீர்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். சோதனை முடியும்வரை அந்த அப்பில் சீட் சொற்களைப் போடக்கூடாது, புதிய வொலட்டும் உருவாக்கக்கூடாது.

வெளியீட்டுக் கோப்பும் கையொப்பமும்

எலெக்ட்ரத்தின் தளத்திலிருந்து, போனில் உள்ள அதே பதிப்பின், அதே புரொசசர் வகையின் ஏபிகேயையும் அதற்குரிய கையொப்பக் கோப்பையும் இறக்குங்கள். முகவரியைக் கையால் அடியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பு வேண்டாம், தேடலில் மேலே நிற்கும் விளம்பரமும் வேண்டாம். 2018 டிசம்பரில் எலெக்ட்ரம் பாவித்தவர்களுக்குக் கள்ள சேர்வர்கள் "புதிய பதிப்பை இறக்குங்கள்" என்று வொலட்டுக்குள்ளேயே பொய்ச் செய்தி காட்டின. நம்பி இறக்கியவர்களின் காசு போனது.

கையொப்பத்தை "ஜிபிஜி வெரிஃபை" கொண்டு பாருங்கள். அதற்கு முன் வெளியீட்டாளரின் சாவி, அதாவது அவரது கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் கோப்பு, வேண்டும். சாவியின் கைரேகையை, அதாவது அந்த 40 எழுத்துகளை, குறைந்தது இரண்டு வேறு வழிகளில் பெற்று ஒப்பிடுங்கள். தளத்தில் ஒருதரம், மூலநிரல் களஞ்சியத்தில் ஒருதரம் பார்க்கலாம். இதில் ஏற்கெனவே ஈடுபாடுள்ள நண்பர் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். "குட் சிக்னேச்சர்" என்று வந்தால் கோப்பை வெளியிட்டவர் அவர்தான் என்பது உறுதி. அந்தக் கோப்பு எந்த நிரலிலிருந்து வந்தது என்பதை அது சொல்லாது.

இனி முதல் இணைப்பு. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஷா256 என்ற அடையாளத்தைக் கணக்கிடும் "ஷா256சம்" கட்டளைக்கு இரண்டு கோப்புகளையும் கொடுங்கள். 64 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் வரும். அவை ஒன்றாக இருந்தால் போனில் இருப்பது வெளியீட்டுக் கோப்பேதான்.

மாமியின் போனில் அவை ஒன்றாக இருக்கவில்லை. பதிப்பு வேறாக இருக்கலாம் என்று நினைத்தேன், பார்த்தால் பதிப்பு எண் ஒன்றுதான். அடுத்ததாக "ஏபிகேசைனர் வெரிஃபை" கட்டளையை, யாருடைய சாவியால் கையெழுத்திட்டது என்று காட்டும் சான்றிதழை அச்சிடும் தெரிவோடு இரண்டு கோப்புகளுக்கும் ஓடவிட்டேன். மாமியின் மகள் பக்கத்தில் இருந்து ஒரு வரியை இரண்டிரண்டு எழுத்தாக வாசிக்க, நான் மற்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு போனேன். முதல் இரண்டு எழுத்திலேயே பிசகியது. அவள் இன்னொருதரம் வாசித்தாள். மறுபடியும் அப்படியே.

சான்றிதழே வேறு என்றால், அந்தக் கோப்பில் எலெக்ட்ரம்காரர்களின் கையொப்பம் இல்லை. யாரோ பிரித்து, தங்கள் சாவியால் திருப்பிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். உள்ளே என்ன மாற்றினார்கள் என்று தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நல்லகாலம், மாமி அதில் இன்னும் வொலட் ஒன்றும் உருவாக்கவில்லை. அழித்துவிட்டோம். கடைக்காரர் வேண்டுமென்று செய்தார் என்றும் நான் சொல்லமாட்டேன். புளூடூத்தில் வந்ததைத்தான் அவரும் புளூடூத்தில் கொடுத்திருக்கிறார்.

இங்கே அன்ரொயிட்டின் ஒரு விதியைத் தெரிந்து வைத்திருங்கள். ஏற்கெனவே உள்ள அப்பின் மேல் அப்டேட் ஏற வேண்டுமென்றால் சான்றிதழ் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே முதல்முறை போடும் கோப்பு சரியாக இருந்தால், வேறொருவர் கையெழுத்திட்டது அதன் மேல் ஏறாது. முதல்முறையே பிழையானால் உண்மையான அப்டேட்தான் ஏறாது.

மூலநிரலிலிருந்து நீங்களே பில்ட் பண்ணுதல்

"கிட் குளோன்" கொண்டு எலெக்ட்ரத்தின் களஞ்சியத்தை இறக்குங்கள். அடுத்துச் செய்வதில்தான் பலருக்குப் பிழைக்கிறது. இறக்கியவுடன் கையில் இருப்பது இன்றைய தேதி வரையான நிரல். உங்களுக்கு வேண்டியது அந்தப் பதிப்பு வெளியான அன்றைய நிரல். "கிட் செக்கவுட்" போட்டுப் பதிப்பு எண்ணின் டேக்கை, அதாவது அன்றைய நிரலைக் குறித்து வைத்த பெயரை, கொடுங்கள். டேக்கில் கையொப்பம் இருந்தால் "கிட் வெரிஃபை-டேக்" கொண்டு அதையும் சரிபாருங்கள்.

"கொன்ட்ரிப்" என்ற கோப்புறைக்குள் "அன்ரொயிட்" கோப்புறை இருக்கிறது. அதில் உள்ள ரீட்மீ என்ற விளக்கக் கோப்பை முழுக்க வாசியுங்கள். கட்டளைகள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும், அந்தந்தப் பதிப்பின் ரீட்மீயில் உள்ளதுதான் சரி. அடிப்படை இதுதான்: "பில்ட் டொட் எஸ்எச்" என்ற ஸ்கிரிப்டுக்கு மூன்று சொற்கள் கொடுக்கிறோம். முதலாவது இடைமுகத்தின் வகை, "கியூஎம்எல்". இரண்டாவது புரொசசர் வகை. மூன்றாவது "ரிலீஸ்-அன்சைன்ட்", அதாவது கையொப்பமில்லாத வெளியீடு. "டீபக்" என்று கொடுத்தால் வேறு கோப்பு வரும், ஒப்பிட உதவாது. கட்டளைக்கு முன்னால் "எலெக்பில்ட்_கமிட்" என்ற மாறியை "ஹெட்" என்று வைத்தால், உங்கள் கோப்புறையில் தற்செயலாகக் கிடக்கும் மாற்றங்கள் கலக்காமல் புதுப் பிரதி ஒன்றிலிருந்து பில்ட் நடக்கும்.

டொக்கர் ஏன் என்று கேட்பீர்கள். ஒரே நிரலை இரண்டு கணினிகளில் பில்ட் பண்ணினால் சாதாரணமாக ஒரே பைட்டுகள் வராது. கோப்புகளில் அந்த நிமிடத்தின் நேரம் பதியும். கோப்புறையின் பாதை உள்ளே ஒட்டிக்கொள்ளும். கோப்புகளை வரிசைப்படுத்தும் முறை மாறும். ஜாவா ஒரு சிறுபதிப்பு வித்தியாசப்பட்டாலே வெளிவரும் கோப்பும் மாறலாம். டொக்கருக்குள் எல்லோருக்கும் ஒரே டெபியன், ஒரே கருவிகள், ஒரே பாதை. நேரத்தையும் ஒரு மாறியால் நிறுத்தி வைக்கிறார்கள். ஒரே மாவு, ஒரே உரல், ஒரே அச்சு என்றால் இடியப்பம் எந்த வீட்டில் பிழிந்தாலும் ஒன்றுபோல வரும் என்ற கணக்கு.

முதல் பில்ட் மிக மெதுவாகப் போகும். ஓடவிட்டுவிட்டுப் படுங்கள். முடிந்ததும் "டிஸ்ட்" கோப்புறையில் ஏபிகே இருக்கும்.

ஒப்பிடுதல்

இரண்டு ஏபிகேக்களின் ஷா256 ஒன்றாக வராது. பயப்படாதீர்கள். வெளியீட்டில் அவர்களின் கையொப்பம் இருக்கிறது, உங்களுடையதில் இல்லை. கையொப்பத்தை ஒதுக்கிவிட்டு மற்றெல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும். அதற்கு அதே "அன்ரொயிட்" கோப்புறையில் "ஏபிகேடிஃப்" என்ற பைதன் ஸ்கிரிப்ட் இருக்கிறது. சிக்னல் செயலியை உருவாக்கியவர்கள் எழுதியது. "பைதன்3" போட்டு, ஸ்கிரிப்டின் பெயர், உங்கள் கோப்பு, வெளியீட்டுக் கோப்பு என்ற வரிசையில் கொடுங்கள். சரியென்றால் "ஏபிகேஸ் மேட்ச்!" என்று ஒரு வரி வரும்.

அந்த ஸ்கிரிப்ட் மிகச் சின்னது. ஓடவிடுமுன் திறந்து வாசியுங்கள். ஏபிகே என்பது ஒரு ஸிப் கோப்பு. இரண்டு ஸிப்புக்குள்ளும் உள்ள கோப்புகளின் பெயர்களை ஒப்பிட்டு, பிறகு ஒவ்வொன்றின் உள்ளடக்கத்தையும் ஒப்பிடுகிறது. "மெட்டா-இன்ஃப்" கோப்புறையில் உள்ள கையொப்பக் கோப்புகளை மட்டும் விட்டுவிடுகிறது. எதை விடுகிறது என்பதை உங்கள் கண்ணால் பார்த்தால்தான் வருகிற விடையில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கும்.

இன்னும் கண்டிப்பான சோதனை வேண்டுமென்றால் "ஏபிகேசிக்கொப்பியர்" என்ற கருவி இருக்கிறது. வெளியீட்டின் கையொப்பத்தைப் பிரித்தெடுத்து, நீங்கள் பில்ட் பண்ணிய கோப்பில் ஒட்டிப் பார்க்கிறது. அன்ரொயிட் 7இலிருந்து வந்த புதிய முறைக் கையொப்பம் கோப்பு முழுவதையும் மூடுகிறது. ஆகவே ஒரு பைட் வித்தியாசப்பட்டாலும் ஒட்டாது. ஒட்டினால் இனிக் கேள்வியே இல்லை. ஒட்டாவிட்டால் உடனே களவு என்று முடிவெடுக்க வேண்டாம். ஸிப்புக்குள் கோப்புகள் அடுக்கிய வரிசை மாறினாலும் ஒட்டாது.

வித்தியாசம் வந்தால்

நான் முதன்முதல் செய்தபோது திரை நிறைய வரிகள் கொட்டின. நெஞ்சு திக்கென்றது. நண்பனுக்குப் போன் எடுக்கப் போனவன், அதற்குமுன் ஒருதரம் "கிட் ஸ்டேட்டஸ்" அடித்துப் பார்த்தேன். டேக்குக்கு மாறாமல் அன்றைய நிரலையே பில்ட் பண்ணியிருக்கிறேன். திருத்திப் போட்டேன், பொருந்தியது.

ஆகவே வித்தியாசம் வந்தால் முதலில் உங்கள் பக்கத்தைப் பாருங்கள்: டேக், புரொசசர் வகை, ரிலீஸா டீபக்கா, டொக்கரில் பழைய படிமம் ஏதும் தங்கிவிட்டதா. இவ்வளவும் சரியென்றால் டிஃபொஸ்கோப்பிடம் இரண்டு கோப்புகளையும் கொடுங்கள். உள்ளே உள்ளேயாகப் பிரித்து, எந்தக் கோப்பின் எந்த இடம் மாறியிருக்கிறது என்று காட்டும். படமொன்றின் சுருக்கம் மாறியிருக்கலாம், "பேஸ்லைன் புரொஃப்" என்ற வேகக் குறிப்புக் கோப்பில் வரிசை மாறியிருக்கலாம். இவை பல அப்களில் காணும் சாதாரணத் தொல்லைகள்தான். ஆனாலும் "பொருந்தியது" என்று எழுதிவிடாதீர்கள், "இந்தக் கோப்பில் மட்டும் பொருந்தவில்லை" என்று எழுதுங்கள். "கிளாசஸ் டொட் டெக்ஸ்" கோப்பிலோ, "லிப்" கோப்புறையில் உள்ளவற்றிலோ, பைதன் நிரல் கிடக்கும் பகுதியிலோ விளக்கமில்லாத மாற்றம் இருந்தால் அந்த அப்பில் பணம் வைக்க வேண்டாம். விளங்காத ஒன்றைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடுவது இந்த வேலையில் பெரிய பிழை.

கூகுள் பிளே துண்டுகள், ஐபோன்

2021 ஆகஸ்டிலிருந்து கூகுள் பிளேயில் புதிதாகச் சேரும் அப்கள் ஏபிகேயாகப் போவதில்லை. டெவலப்பர், பண்டில் எனப்படும் முழுப்பொதி ஒன்றைக் கொடுக்கிறார், கூகுள் அதிலிருந்து உங்கள் போனின் புரொசசர், திரை, மொழிக்கு ஏற்றபடி துண்டுகள் ஆக்கித் தானே கையெழுத்திடுகிறது. தமிழ் போட்ட போனுக்குத் தமிழ்த் துண்டு ஒன்று தனியாக வரும். இதைச் சோதிக்க, நீங்களும் பண்டிலை பில்ட் பண்ணி "பண்டில்டூல்" கொண்டு உங்கள் போனுக்கான துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். கூகுள் சேர்க்கிற முத்திரைக் கோப்பும், மானிஃபெஸ்ட் என்ற அப்பின் விவரக் கோப்பில் ஓரிரு வரிகளும் கூடுதலாகத் தெரியும். வேலை கூட, ஆனால் முடியாததில்லை.

ஐபோனில் கதை வேறு. அப் ஸ்டோரிலிருந்து வரும் கோப்பை அப்பிள் பூட்டித்தான் கொடுக்கிறது. சாதாரண பாவனையாளர் இதேபோல் எடுத்து ஒப்பிட வழியில்லை.

பொருந்தினால் தெரிவதும் தெரியாததும்

நிரல் வெளியிலேயே இல்லாத வொலட்டுக்கு இந்தச் சோதனை கிடையாது. 2022 ஆகஸ்டில் சொலானா என்ற மெய்நிகர் நாணயத்தின் வொலட்டுகள் ஆயிரக்கணக்கில் காலியானபோது, ஸ்லோப் என்ற மொபைல் வொலட் பாவித்தவர்களின் சீட் சொற்கள் பிழை கண்காணிக்கும் சேர்வருக்குப் போய்க்கொண்டிருந்தது தெரியவந்தது. நிரல் மூடியிருந்ததால் வெளியாட்கள் அதை முன்கூட்டியே வாசித்துப் பிடிக்க முடியவில்லை.

பொருந்தினாலும் நிரலே கெட்டதாக இருந்தால் என்ன செய்வது? 2018 நவம்பரில் கோப்பே என்ற பெயருள்ள வொலட்டுக்கு அதுதான் நடந்தது. அது பாவித்த ஈவண்ட்-ஸ்ட்ரீம் என்ற நூலகத்தின், அதாவது வேறொருவர் எழுதி வைத்த நிரல் தொகுப்பின், பொறுப்பு வேறொருவரிடம் போய், அதற்குள் கோப்பேயைக் குறிவைத்த களவு நிரல் வந்து சேர்ந்தது. அந்த நூலகத்தை அப்படியே இழுத்து பில்ட் பண்ணினால் உங்கள் கணினியிலும் அதே களவு நிரல்தான் வரும், இரண்டும் அழகாகப் பொருந்தும். நிரலை வாசித்துப் பார்ப்பவர்கள் வேறு வேலை செய்கிறார்கள். அவர்கள் வாசித்ததும் உங்கள் போனில் இருப்பதும் ஒன்றுதான் என்பதை மட்டும் இந்தச் சோதனை காட்டும். இது இல்லாவிட்டால் அவர்கள் வாசித்ததால் உங்களுக்குப் பயனில்லை.

இதை எல்லோரும் செய்ய வேண்டியதில்லை. ஊரில் ஒருவர் செய்து எழுதி வைத்தாலும் காணும். வாலட்ஸ்குருட்டினி என்ற தளம் பல வொலட்டுகளை இப்படிச் சோதித்துப் பட்டியலிடுகிறது. முதலில் அங்கே பார்த்து, உங்கள் வொலட்டைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று வாசித்துவிட்டுத் தொடங்கலாம்.

முடிந்தபின்

பொருந்திய வெளியீட்டுக் கோப்பை "ஏடிபி இன்ஸ்டோல்" கொண்டு மாமியின் போனில் போட்டோம். கூகுள் பிளேயில் அந்த அப்புக்கு மட்டும் தானாக அப்டேட் ஆவதை நிறுத்தினோம். யூஎஸ்பி டீபக்கிங்கையும் மூடினோம், அதை மறந்துவிடாதீர்கள்.

நான் ஒரு சிஆர் கொப்பி வைத்திருக்கிறேன். தேதி, பதிப்பு எண், டேக்கின் கமிட் (அந்த நிரலின் அடையாள எண்), வெளியீட்டின் ஷா256, சான்றிதழின் ஷா256, விடை: ஆறு கட்டங்கள். புதிய பதிப்பு வரும்போது பழைய விடை அதற்குச் செல்லாது, முதலிலிருந்து செய்ய வேண்டும். சான்றிதழ் மட்டும் முந்தைய வரியோடு ஒத்திருக்க வேண்டும்.

மாமியின் மகள் அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுக்கப் போனாள். வேண்டாம், கையால் எழுதிக்கொள் என்றேன். 64 எழுத்துகளையும் இரண்டிரண்டாகப் பிரித்து எழுதி, கடைசியில் எண்ணிச் சரிபார்த்துவிட்டுத்தான் எழும்பினாள். அடுத்த பதிப்பு வரும்போது கட்டளைகளைத் தானே அடிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.